பழகிய கையும் மனச்சான்றும்

கடந்த தவக்காலத்தில் ஒரு மாலை, சிலுவைப்பாதை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், நம் பங்கைச் சேர்ந்த இளம்பெண் ஒருத்தி பங்குத்தந்தை இல்லத்தின் திண்ணையில் காத்திருந்தாள். சென்னையில் ஒரு நிறுவனத்தில் இரவுப் பணி செய்பவள். விடுமுறைக்கு வீடு வந்திருந்தாள். ஒப்புரவு அருட்சாதனத்தில் கேட்ட கேள்வி அன்று அது. ஆகவேதான் அவளுடைய ஒப்புதலோடு இங்கே எழுத முடிகிறது.

"ஃபாதர், ஒரு வருஷமா தற்காப்புக் கலை கத்துக்கிறேன். கண்ணுல குத்து, தொண்டையில அடின்னுதான் மாஸ்டர் சொல்லித் தர்றார். அப்படி அடிச்சுப் பழகும்போது எனக்கு மனசுக்குச் சந்தோஷமா இருக்கு. அது பாவமா?"

அடிப்பது பாவமா என்று கேட்டிருந்தால், குருமடத்தில் படித்த விடை நாவின் நுனியில் இருந்தது. இரண்டு நிமிடத்தில் சொல்லி, ஆசீர் அளித்து அனுப்பியிருப்போம். அவள் கேட்டது அதுவன்று. யாரும் தன்னைத் தாக்காத நேரத்தில், பாய் விரித்த ஒரு கூடத்தில், இன்னொரு மனிதரின் கண்ணையும் தொண்டையையும் குறிவைத்துப் பழகும் தன் கையில் ஊறுகின்ற மகிழ்ச்சியைப் பற்றிக் கேட்டாள். அதற்கு நம்மிடம் ஆயத்தமான விடை இருக்கவில்லை.

விடை தாமதமானதற்கு வேறொரு காரணமும் உண்டு. ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர், கல்லூரியில் சேர்ந்த புதிதில், இதே பெண் தன் தாயோடு இதே திண்ணைக்கு வந்தாள். பேருந்தில் ஒருவன் நாள்தோறும் உரசித் தொல்லை தருவதாகத் தாய் அழுதுகொண்டே சொன்னார். "பொறுத்துக்கொள் அம்மா, செபம் செய், முடிந்தால் வேறு பேருந்தில் போ" என்று நாம் சொன்னோம். சொல்லிவிட்டு, நல்ல ஆலோசனை தந்த நிறைவோடு உள்ளே சென்று இரவு உணவருந்தினோம். அவள் பேருந்தை மாற்றினாள். அதற்காக மூன்று ஆண்டுகள் ஒரு மணி நேரம் முன்னதாக வீட்டை விட்டுக் கிளம்பினாள் என்பது நமக்குப் பின்னர்தான் தெரிய வந்தது. இப்போது கேள்வி கேட்க வந்தவள் அதனை நினைவூட்டவில்லை. நமக்குத்தான் நினைவுக்கு வந்தது.

அவள் பயில்வது கிராவ் மகா என்னும் கலை. எபிரேய மொழியில் 'கிராவ்' என்றால் போர், 'மகா' என்றால் தொடுதல். (நம் உபதேசியார் இதனை 'மாபெரும் போர்' என்று பொருள்கொண்டு கலங்கிவிட்டார், வடமொழி மகாவுக்கும் இதற்கும் உறவில்லை.) கைக்கெட்டும் தொலைவில் நிற்கும் எதிரியோடு பொருதும் முறை என்பது கருத்து. இன்று பல நாடுகளில் காவலரும் படைவீரரும் பொதுமக்களும் பயிலும் இதற்கு வடிவம் கொடுத்தவர் இமி லிக்டென்ஃபெல்ட் என்னும் யூதர். ஓர் ஆசிரியரின் கையிலிருந்து புறப்பட்டு உலகெங்கும் பரவிய கலை என்பதால், அதனை எடைபோட அந்த ஆசிரியரின் வாழ்வைச் சற்று அறிவது நலம். அவ்வாழ்வைப் படிக்கத் தொடங்கிய நாம், எதிர்பாராத ஓரிடத்தில் தலைகுனிய நேர்ந்தது.

இமி 1910இல் புடாபெஸ்ட் நகரில் பிறந்து பிராட்டிஸ்லாவாவில் வளர்ந்தார். தந்தை சாமுவேல் இளமையில் சர்க்கஸ் குழுவோடு ஊர் ஊராகச் சென்று மற்போரும் பளு தூக்கலும் செய்தவர்; பின்னாளில் பிராட்டிஸ்லாவாக் காவல்துறையில் துப்பறியும் பிரிவின் தலைவர். மகனுக்கு முதல் ஆசான் அவரே. இமி மற்போர், குத்துச்சண்டை, உடல்வித்தை மூன்றிலும் தேர்ந்து, இருபது வயது நிரம்புமுன்பே மற்போரில் வாகை சூடினார். அதுவரை அது விளையாட்டு. பதக்கமும் கைதட்டலும் தருகின்ற விளையாட்டு.

1930களில் அந்நகரின் நிலை மாறிற்று. யூதர் குடியிருந்த பகுதிகளில் கும்பல்கள் புகுந்து தாக்கலாயின. 1936 ஏப்ரலில் 'கோலெம்' என்றொரு திரைப்படம் காட்டப்பட்டதைச் சாக்காகக் கொண்டு யூதருக்கு எதிரான கலவரம் மூண்டது. இமியும் அவருடைய மற்போர், குத்துச்சண்டைத் தோழர்களும் ஒன்றுகூடித் தங்கள் தெருக்களைக் காக்க நின்றனர். அங்கேதான் தங்கள் பதக்கங்களின் பயனின்மையை உணர்ந்தனர். கூடத்தில் நடுவர் உண்டு, மணி உண்டு, ஒருவனுக்கு ஒருவன் என்ற கணக்கு உண்டு, விழுந்தவனை அடிக்கலாகாது என்ற விதி உண்டு. தெருவில் தடியும் கத்தியுமாய்ப் பலர் சூழ்ந்து வருவர். மற்போரில் எதிரியைத் தரையோடு அழுத்திப் பிடித்திருப்பது வெற்றி; தெருவில் அப்படிப் பிடித்திருக்கும்போது இரண்டாமவன் வந்து தலையில் மிதிப்பான். இப்பாடத்தை அவர்கள் எந்த நூலிலும் படிக்கவில்லை, அடிபட்டே கற்றனர். கிராவ் மகாவின் வேர் இந்தத் தெருக்களில் இருக்கிறது.

தாக்கியவர்கள் யார்? இக்கலையைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் 'பாசிசக் கும்பல்கள்' என்ற ஒரு சொல்லோடு கடந்து சென்றுவிடுகின்றனர். நாம் அவ்வாறு கடக்க இயலாது. ஸ்லோவாக்கியா பெரும்பான்மையாகக் கத்தோலிக்க நாடு. 1938இல் அமைக்கப்பட்டு யூதரை வேட்டையாடிய ஹிலிங்கா காவற்படை, அந்நாட்டுத் தேசியக் கட்சியை நடத்திய அந்திரேய் ஹிலிங்கா என்னும் குருவின் பெயரைத் தாங்கியது. 1939இல் ஹிட்லரின் நிழலில் தனிநாடாகிய ஸ்லோவாக்கியாவின் குடியரசுத் தலைவர் யோசெஃப் திசோ, அவரும் குருவே. தலைவரான பின்னரும் பானோவ்ட்சே என்னும் ஊரின் பங்குத்தந்தையாகவும் அவர் நீடித்தார். 1942 மார்ச் முதல் அக்டோபர் வரை ஏறத்தாழ 58,000 யூதர் அந்நாட்டிலிருந்து நாடு கடத்தப்பட்டனர். அவர்களுள் உயிரோடு மீண்டவர் மிகச் சிலரே. வத்திக்கானின் பிரதிநிதியாகப் பிராட்டிஸ்லாவாவில் இருந்த ஜுசெப்பே புர்சியோ கண்டனம் தெரிவித்தார். யூதரை மறைத்து வைத்துக் காத்த குருக்களும் கன்னியரும் இருந்தனர். அவர்களை மறப்பது நன்றி கெட்டதனம். ஆயினும், அத்தெருக்களில் தடியேந்தி வந்த இளைஞர்களுள் பலர் திருமுழுக்குப் பெற்றவர்கள், புதுநன்மை வாங்கியவர்கள், எவரோ ஒரு பங்குத்தந்தையிடம் மறைக்கல்வி கற்றவர்கள் என்பதை மறைப்பதற்கில்லை. பங்குத்தந்தை என்ற சொல்லை நம் பெயருக்குப் பின்னால் எழுதிக்கொள்ளும் நமக்கு இவ்வரலாறு வெறும் அயல்நாட்டுச் செய்தியாக இருக்க முடியவில்லை. அந்த யூத இளைஞர்களிடம் சென்று மறு கன்னத்தைக் காட்டுங்கள் என்று சொல்லும் தகுதி அந்நாளில் நம்மவர் எவருக்கு இருந்திருக்கும்?

இமி 1940இல் 'பெஞ்சோ' என்னும் பழைய ஆற்றுக் கப்பலில் பிராட்டிஸ்லாவாவை விட்டு வெளியேறினார். பாலஸ்தீனம் செல்ல விரும்பிய யூதர் பல நூற்றுவரைச் சுமந்து டான்யூப் ஆற்றின் வழியே கடலை அடைந்த அக்கப்பல், ஏஜியன் கடலில் ஆளில்லாத தீவொன்றின் அருகே உடைந்தது. உதவி தேடிச் சிறு படகில் புறப்பட்ட சிலருள் இமியும் ஒருவர். பிரித்தானியக் கப்பலொன்றால் மீட்கப்பட்டு, நோயுற்று, எகிப்தில் மருத்துவம் பெற்று, பிரித்தானியரின் கீழ் இயங்கிய செக் படைப்பிரிவில் பணியாற்றி, 1942இல் பாலஸ்தீனம் சேர்ந்தார். அங்கே யூதரின் ஹகானா, பால்மாக் படைகளின் இளைஞருக்குக் கற்பித்தார். 1948இல் இஸ்ரயேல் நாடு தோன்றியபோது அதன் படையில் உடற்பயிற்சிக்கும் கிராவ் மகாவுக்கும் தலைமைப் பயிற்றுநரானார். 1964இல் ஓய்வு பெற்ற பின்னர், படைவீரனுக்கு அமைத்ததைச் சாதாரணக் குடிமக்களுக்கும் பெண்களுக்கும் ஏற்றவாறு மாற்றியமைத்து நெத்தன்யா நகரில் கற்பித்தார். 1978இல் ஒரு சங்கத்தை நிறுவினார். 1998 சனவரியில் இறந்தார். அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான், யூத இன அழிப்பு பற்றி 'நாம் நினைவுகூர்கிறோம்' என்னும் ஆவணத்தைத் திருச்சபை வெளியிட்டது.

இனி அக்கலையின் உள்ளமைப்பைக் கொஞ்சம் பார்ப்போம். அறநெறிக் கேள்வி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ஒருவன் திடீரெனத் தாக்க வந்தால் மனிதனின் கைகள் தாமாகவே முகத்துக்கு முன்னே எழும். கழுத்தைப் பிடித்தால் கை கழுத்துக்கு ஓடும். இவற்றை யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. கைக்குழந்தையிடமும் இதன் தொடக்கம் உண்டு. இமி புதிய நிலைகளையும் அழகிய அசைவுகளையும் புகுத்தாமல், இந்த இயல்பான எழுச்சியையே எடுத்து, அதன் முடிவில் ஒரு தடுப்பையும் அதே கணத்தில் ஓர் அடியையும் இணைத்தார். தடுப்பு முதலில், அடி பிறகு என்ற வரிசைகூட இல்லை. கண், தொண்டை, முழங்கால் என வலிமை குறைந்தவரும் வலியவரை நிறுத்தக்கூடிய இடங்களே இலக்கு. ஆகவே இதில் போட்டி விளையாட்டுக்கு இடமில்லாது போயிற்று. ஓடித் தப்ப முடியுமானால் ஓடு என்பதும் பாடத்தின் பகுதியே. பிறகு, மாணவரை மூச்சு வாங்க ஓட வைத்து, விளக்கை அணைத்து, கண்ணை மூடச் சொல்லி, காதருகே கூச்சலிட்டு, அந்த அசைவைச் செய்யச் சொல்கிறார்கள். எண்ணிப் பார்க்க நேரமில்லாத வேளையிலும் கை தானாக இயங்க வேண்டும் என்பதே நோக்கம்.

இங்கே நம் குருமடப் பாடம் தடுமாறுகிறது. தற்காப்பு பற்றி நமக்குக் கற்பித்த பேராசிரியர், புனித தோமா அக்குவினாரின் இரட்டை விளைவுக் கருத்தைக் கரும்பலகையில் இரு கிளைகளாக வரைவார். ஒரே செயலுக்கு இரு விளைவுகள்: தன் உயிர் காக்கப்படுவது ஒன்று, தாக்கியவன் இறப்பது மற்றொன்று. முன்னதை நாடி, பின்னதை நாடாமல், தேவைக்கு மேற்படாத வலிமையைப் பயன்படுத்தினால் அது தவறாகாது. தெளிவான கருத்து, நாமும் தேர்வில் நன்றாகவே எழுதினோம். ஆனால், எண்ண நேரமில்லாமல் இயங்கும்படி பழக்கப்பட்ட கையில், நாடுவதும் நாடாததும் எந்தக் கணத்தில் நிகழும்? அடி விழுந்த பின்னரல்லவா அறிவு வந்து சேர்கிறது?

பழைய அறநெறி நூல்களில், மாணவர் அதிகம் கவனியாத ஓர் இயலில், இதற்கு வழி இருக்கிறது. காரணத்தில் விருப்பச் செயல் என்று அதற்குப் பெயர். குடிவெறியில் ஒருவன் தன் தோழனை அடித்துவிட்டால், அடித்த கணத்தில் அவனுக்கு அறிவு இல்லை. ஆனாலும் அவன் குற்றமற்றவன் என்று யாரும் சொல்வதில்லை. குடித்தால் தான் என்ன ஆவான் என்று அறிந்தே முதற்கோப்பையை எடுத்தானே, பொறுப்பு அங்கே இருக்கிறது என்றனர் அந்நூலாசிரியர்கள். பயின்ற கைக்கும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். இருட்டுச் சந்தில் அவளுடைய கை என்ன செய்யும் என்பது அங்கே முடிவாவதில்லை. செவ்வாயும் வியாழனும் மாலை ஏழு மணிக்குப் பாய் விரித்த கூடத்தில் முடிவாகிறது. எவரை ஆசிரியராக ஏற்றாள், அவர் எதைத் திரும்பத் திரும்பச் செய்ய வைத்தார், செய்யும்போது அவள் உள்ளத்தில் யாரை நிறுத்தினாள் என்பவையே அவளுடைய மனச்சான்று தேட வேண்டிய இடங்கள். யாரும் தாக்காத நேரத்தில் எழுந்த அவளுடைய கேள்வி, நாம் முதலில் எண்ணியதுபோல் விளிம்புக் கேள்வி அன்று. நடுவான கேள்வி அதுவே.

திருச்சபைத் தந்தையர் இதில் ஒரே குரலில் பேசவில்லை என்பதையும் வாசகர்கள் அறிதல் நன்று. ஆயுதமேந்திய கொள்ளையனை எதிர்கொண்டாலும் கிறிஸ்தவன் திருப்பி அடிக்கலாகாது, தன் உயிரைக் காக்கும் முயற்சியில் அன்பைக் கறைப்படுத்தலாகாது என்பது புனித அம்புரோசியாரின் நிலை. புனித அகுஸ்தினாரோ, தனி மனிதன் தான் கொல்லப்படாதிருக்கப் பிறரைக் கொல்வதைத் தம்மால் ஏற்க இயலவில்லை என்றார். படைவீரனையும் பொதுக் கடமையில் இருப்பவரையும் மட்டும் விலக்கினார். பல நூற்றாண்டுகள் கழித்து வந்த தோமா அக்குவினார், மனிதன் பிறர் உயிரைவிடத் தன் உயிரைக் காக்கவே மிகுதியும் கடமைப்பட்டவன் என்று வேறு கோணத்தில் சிந்தித்தார். நாம் குருமடத்தில் இருந்த காலத்தில், 1992இல் வெளிவந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் அவரையே பின்பற்றி, பிறர் உயிருக்குப் பொறுப்பானவருக்குத் தற்காப்பு உரிமை மட்டுமன்றி, கடுமையான கடமையாகவும் இருக்கலாம் என்றது. வள்ளுவர் கொல்லாமைக்கு ஓர் அதிகாரமும் படைச்செருக்குக்கு ஓர் அதிகாரமும் ஒரே நூலில் வகுத்தார். இரண்டையும் படித்தே நம் முன்னோர் வாழ்ந்தனர். நமக்குத் தோமாவின் வழி சரியெனப் படுகிறது. ஆனாலும் அம்புரோசியாரை அலமாரியில் பூட்டிவிட மனம் வரவில்லை. அன்பு கறைபடும் என்று அவர் அஞ்சினாரே, அந்த அச்சம்தான் இந்தப் பெண்ணின் கேள்விக்குள்ளும் இருக்கிறது.

மறு கன்னம் பற்றிய ஆண்டவரின் சொல்லை இங்கே ஒதுக்கிவிட முடியாது. மத்தேயு நற்செய்தியில் அவர் குறிப்பிடுவது வலக் கன்னத்தில் விழும் அறையை. எதிரே நிற்பவனின் வலக் கன்னத்தில் வலக் கையால் அறைய வேண்டுமானால் புறங்கையால்தான் இயலும். அது உயிரைப் பறிக்கும் தாக்குதல் அன்று, மேலோன் கீழோனுக்குச் செய்யும் அவமதிப்பு என்று விவிலிய அறிஞர் பலர் விளக்குகின்றனர். அன்னாவின் முன்னிலையில் காவலன் ஒருவன் தம்மை அறைந்தபோது இயேசு மறு கன்னத்தைத் திருப்பவில்லை. தாம் பேசியது தவறென்றால் காட்டும்படியும், சரியென்றால் ஏன் அடிக்கிறாய் என்றும் கேட்டார். அடித்தவனிடம் கணக்குக் கேட்ட அந்தக் குரலை நம் மறையுரைகளில் நாம் போதிய அளவு ஒலிக்கவிடவில்லை. பேருந்தில் தொல்லைப்பட்ட பெண்ணுக்குப் பொறுமையைப் போதித்த நாம், அந்தப் பேருந்தில் ஏறும் ஆண்களுள் எத்தனைபேர் நம் ஞாயிறு திருப்பலியில் அமர்ந்திருந்தனர் என்று ஒருமுறையும் எண்ணவில்லை.

பேதுருவையும் இங்கே நினைக்கத் தோன்றுகிறது. கெத்சமனித் தோட்டத்தில் வாளை உருவியவர் வலைஞர். வாள் அவருக்குப் பழக்கமில்லை. மால்குவின் காது அறுந்தது. அவரைத் தடுத்த ஆண்டவர், அறுந்த காதையும் தொட்டு நலமாக்கினார் என்கிறார் லூக்கா. பயிற்சி இல்லாத கையில் கோபம் மட்டும் இருந்தால் என்ன நேரும் என்பதற்கு அந்தக் காது ஒரு சான்று.

அவளுடைய மகிழ்ச்சிக்கு வருவோம். சண்டை பற்றி எழுதும் பகுதியில் தோமா ஒரு நுண்ணிய வேறுபாடு செய்கிறார். தன்னைக் காப்பவன் பகையோ பழியுணர்வோ இன்றி, அளவோடு காத்தால் பாவமில்லை. உள்ளத்தில் சிறிதளவு பகை அசைந்தால் அற்பப் பாவம். கொல்லவோ பெருந்தீங்கு செய்யவோ உறுதிகொண்டு எதிர்த்தால் சாவான பாவம். ஒரே அடி, உள்ளத்தின் அசைவுக்கு ஏற்ப மூன்று வேறு செயல்களாகிறது. ஆகவே அவளிடம் நாம் கேட்டோம்: அடித்துப் பழகும்போது எதிரே யாரைக் காண்கிறாய்?

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னாள்: "முதல் ரெண்டு மாசம் அந்த பஸ்காரன் மூஞ்சிதான் தெரிஞ்சுது, ஃபாதர். அவனைத்தான் அடிச்சேன். இப்ப யாரும் தெரியல. என் கை என் பேச்சைக் கேக்குதேன்னுதான் சந்தோஷம். அன்னிக்கு பஸ்ல அது கேக்கல. மரக்கட்டை மாதிரி நின்னுட்டேன்."

இந்த விடையைக் கேட்டபோது, இறையியல் நூல்களைப் புரட்டாமலேயே பாதி வழி தெளிந்தது. முதல் இரண்டு மாதங்களின் மகிழ்ச்சியில் கசப்பு கலந்திருந்தது. அதை அவளே அறிந்திருக்கிறாள், அறிந்ததால்தான் வந்தாள். பின்னர் வந்த மகிழ்ச்சி வேறு வகை. அச்சத்தால் உறைந்த உடல் மீண்டும் தன்னுடையதாவதில் ஓர் உயிர் களிப்பது பாவமென்றால், முடக்குவாதமுற்றவன் எழுந்து தன் படுக்கையைச் சுமந்து நடந்த மகிழ்ச்சியையும் அல்லவா குறைசொல்ல வேண்டியிருக்கும்? நோன்பையும் செபத்தையும் குறிக்கத் திருச்சபை ஏற்ற 'அஸ்கேசிஸ்' என்ற கிரேக்கச் சொல் பயிற்சியைக் குறித்தது. விளையாட்டுக் களத்தில் வழங்கியது. காற்றைக் குத்துபவனைப் போல் தாம் குத்துவதில்லை என்று பவுலடியாரும் குத்துச்சண்டைக்காரனின் மொழியில் பேசினார். உடல் மனத்துக்குக் கீழ்ப்படியப் பழகுவதை அவர்கள் இழிவாகக் கருதவில்லை.

அவளுடைய ஆசிரியரைப் பற்றியும் விசாரித்தோம். இமியின் வழிவந்த கலை என்பதற்காக அதைக் கற்பிப்போர் அனைவரும் நல்லாசிரியர் என்று கொள்வதற்கில்லை. முதல் வகுப்பில் ஓடவும் கத்தவும்தான் கற்பித்தாராம். உடன் பயில்பவரை வேண்டுமென்றே வலிக்க அடித்துச் சிரித்த ஓர் இளைஞனை அன்றே வெளியேற்றினாராம். அவள் சொன்னவற்றுள் ஒன்று நம் மனத்தில் ஆழப் பதிந்தது. கழுத்தைப் பிடிக்கும் பயிற்சியில், பிடிபட்டவர் கையால் இரு முறை தட்டினால் பிடித்தவர் அக்கணமே விட்டுவிட வேண்டும். கேள்வி கேட்கக்கூடாது, இன்னும் ஒரு நொடி என்று எண்ணக்கூடாது. இதனையும் நூற்றுக்கணக்கான முறை செய்து, எண்ணாமலே கை விடும்படி பழக வேண்டும். அடிக்கப் பழகும் அதே கூடத்தில், ஒருவர் தம் தொண்டையை நம்பிக்கையோடு மற்றவரின் கையில் தருகிறார். மற்றவர் விடுவதற்குப் பழகுகிறார். இப்பாதியைத் தள்ளிவிட்டு மற்ற பாதியை மட்டும் கற்பிப்பவர் இருப்பாராயின், அவர் மாணவரின் கையோடு மனச்சான்றையும் கெடுக்கிறார். கொல்ல வேண்டிய தேவை எழாத அளவுக்குத் தேர்ச்சி பெறுங்கள் என்று இமி தம் மாணவருக்குச் சொல்வார் என்கின்றனர் அவரிடம் பயின்றோர்.

ஆயினும் இமியின் கதையை இந்த இதமான இடத்தில் நிறுத்துவது நேர்மையாகாது. தெருவில் துரத்தப்பட்டவர்கள் தம்மைக் காக்கக் கற்றது, சில ஆண்டுகளுக்குள் ஒரு நாட்டுப் படையின் பாடமாயிற்று. அந்நாடு தோன்றிய 1948ஆம் ஆண்டின் போரில் பாலஸ்தீன அரபு மக்கள் லட்சக்கணக்கானோர் வீடிழந்தனர். அவர்களுள் நம் ஆண்டவர் பிறந்து வளர்ந்த மண்ணின் தொன்மையான கிறிஸ்தவக் குடும்பங்களும் உண்டு. அதற்குப் பின் எழுந்த துயரங்கள் நாம் அறிந்தவையே. நலிந்தவன் கையில் பிறந்த கலை வலியவன் கைக்கு மாறுவதற்கு ஒரு தலைமுறைகூடத் தேவைப்படவில்லை. இதில் இமியின் பொறுப்பு எவ்வளவு என்று அளக்க நாம் துணியமாட்டோம். தம் மக்கள் மீண்டும் கப்பல்களில் அலையக்கூடாது என்று எண்ணிய மனிதரை, தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து தீர்ப்பிடுவது எளிது. இருந்தாலும் ஆசிரியர் எவருக்கும் இங்கே ஓர் அச்சம் எழ வேண்டும். தாம் கொடுத்த பாடம் தாம் காணாத கைகளுக்குப் போகிறது. திசோவுக்கும் மறைக்கல்வி கற்பித்த ஆசிரியர் ஒருவர் இருந்திருப்பார். அவர் என்ன கற்பித்தார், எதைக் கற்பிக்காமல் விட்டார் என்று எண்ணி ஓரிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

அவளுக்கு நாம் கூறியது இவ்வளவே. பழியின் மகிழ்ச்சி மீண்டும் தலைகாட்டினால், அந்த முகம் மீண்டும் எதிரே வந்தால், அன்றைய பயிற்சியை நிறுத்திவிட்டுச் சற்று அமர்ந்திரு, மறுநாள் தொடங்கு. மற்ற மகிழ்ச்சியைக் கடவுளுக்கு நன்றியாகச் செலுத்து. ஒன்பது ஆண்டுகளுக்கு முன்னர் நாம் தந்த ஆலோசனை தவறு என்பதையும் சொன்னோம். "அதுக்காக வரலை, ஃபாதர்" என்றாள் அவள். அவளுடைய தாயிடமும் அதனைச் சொல்ல வேண்டியிருந்தது. மறுநாள் காலைத் திருப்பலிக்குப் பின் சொன்னோம். அவர் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் பேசாமல் வீட்டுக்குப் போனார்.

விடுமுறை முடியுமுன் அவள் மீண்டும் வந்தாள். பங்கில் உள்ள பெண்பிள்ளைகளுக்கு, ஓடுவதும் கத்துவதும் கையை விடுவித்துக்கொள்வதுமாகச் சிலவற்றைச் சொல்லித்தர விரும்புவதாகவும், பங்கு மன்றத்தின் சாவி வேண்டுமென்றும் கேட்டாள். பங்குப் பேரவையில் இருவர் முணுமுணுத்தனர். சாவியைக் கொடுத்தோம். அதே நேரத்தில் கோவில் மண்டபத்தில் நடைபெறும் ஆண்பிள்ளைகளின் மறைக்கல்வி வகுப்பை, இதுவரை உபதேசியாரிடம் விட்டிருந்ததை, சூன் மாதம் முதல் நாமே எடுத்து வருகிறோம்.